சேலத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குத் தரும் ரோட்ஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதில் பயன் உண்டா, வீண் வேலையா?

மார்க்கை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்து, உங்களைப் பற்றி ஒரு பக்கம் சொந்தமாக எழுதக்கூடிய ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேராவது தேறினால் விண்ணப்பியுங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் 95 சதவீதம் வைத்திருந்தும் பயனில்லை.

முதலில் தகுதி. விண்ணப்பிக்கும் ஆண்டின் அக்டோபர் 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 24-வது பிறந்தநாளைத் தாண்டியிருக்கக் கூடாது. பட்டப்படிப்பைத் தாமதமாக முடித்தவர்களுக்கு 27-வது பிறந்தநாள் வரை தளர்வு உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் குறைந்தது 4 ஆண்டுகள் இந்தியாவில் படித்திருக்க வேண்டும். பட்டத்தில் முதல் வகுப்பு வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஜூனில் திறந்து ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ மூடிவிடும். ஆக, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே நீங்கள் தயாராக இருக்க வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது.

கிடைத்தால் என்ன வரும்? ஆக்ஸ்ஃபோர்டு படிப்புக் கட்டணம், மாதச் செலவுத் தொகை, விசா செலவு, போக வர விமான டிக்கெட். இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு ஐந்தாறு இடங்கள்தான். தேர்வானபின் ஆக்ஸ்ஃபோர்டு உங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் நீங்கள் விரும்பும் முதுகலைப் படிப்பு அங்கே இருக்கிறதா, நம் மூன்றாண்டுப் பட்டத்தை அந்தப் படிப்புக்கு ஏற்கிறார்களா என்று அந்தப் படிப்பின் பக்கத்திலேயே முதலில் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய படிப்பு அங்கே இல்லையென்றால் யோசனையை அதோடு விட்டுவிடலாம்.

பெரிய ஊர்க் கல்லூரிக்காரர்களுக்குத்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் கர்நாடகத்தின் தார்வாட்டில் கணிதமும் புள்ளியியலும் படித்துவிட்டு இதே உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர்.

இனி பரிந்துரைக் கடிதம். நம் கல்லூரிகளில் "நீயே டைப் பண்ணிக் கொண்டு வா, கையெழுத்து போடுறேன்" என்பது வழக்கம். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் இங்கே அது விண்ணப்பத்தையே கெடுத்துவிடும். கடிதம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பு வழியாக அவரே நேரடியாக ஏற்ற வேண்டியது. அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழும். ஜூலையில் அட்மிஷன் நெருக்கடி வேறு. எனவே மே மாதமே போய்க் கேளுங்கள். நீங்கள் செய்த வேலை, அதன் தேதிகள், கடைசி நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கடைசி நாள் என்று, உண்மையான தேதிக்கு ஒரு வாரம் முந்தைய தேதியையே சொல்லுங்கள். "ஒழுக்கமான மாணவி, வருகைப்பதிவு நன்று" என்பது போன்ற கடிதம் எத்தனை வந்தாலும் பலம் சேர்க்காது. "உலர்த்திய செடிகளை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியம் தாள்களில் ஒரு செடியின் பெயர் தவறாக இருந்ததைக் கண்டுபிடித்தாள்" என்ற ஒரு வரி போதும்.

அப்படி எழுத ஆளில்லையென்றால் ஆளைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை. அவர் எழுதும் கடிதத்தில் நீங்கள் செய்த வேலை இருக்கும்.

தன்விளக்கக் கட்டுரையை யாரும் திருத்தித் தரக்கூடாது. உங்கள் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். கோச்சிங் சென்டரில் காசு கொடுத்து எழுதி வாங்கினால் நேர்காணலில் இரண்டாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும். "சிறு வயது முதலே இயற்கை மீது ஆர்வம்" என்று தொடங்கினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. மாறாக, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கிலும் பலாவிலும் எதில் ஆர்க்கிட் அதிகம் ஒட்டியிருக்கிறது என்று மரம் மரமாக எண்ணியிருந்தால் அதை எழுதுங்கள். எத்தனை மரம், எந்த மாதம், எண்ணும்போது எது தப்பாகப் போனது என்பது வரை எழுதுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்காவே இருக்கிறது. தாவரவியல் படிப்பவருக்கு இதைவிட நல்ல இடம் வேறெங்கே?

இந்த உதவித்தொகையை ஏற்படுத்திய செசில் ரோட்ஸின் உயில் கேட்கும் குணங்களில் படிப்போடு, எளியவர்களிடம் பரிவும் ஒன்று. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு கலந்த நீரைப் பற்றி ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அதுவும் சேரும். செய்யாததைச் சேர்க்காதீர்கள். ரோட்ஸ் ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சியை விரித்தவர். அந்தப் பணத்தை ஏற்பது பற்றி உங்கள் மனதில் ஒரு தெளிவும் இருக்கட்டும்.

ஒரு சின்னச் சிக்கல், ஆனால் ஆளை அலைக்கழிக்கும்: பெயர். மார்க் ஷீட்டில் "எஸ். கவிதா" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே மதிப்பெண் பட்டியலோடு பொருந்துமாறு பாருங்கள். இரண்டாம் ஆண்டு வரையிலான மதிப்பெண் விவரத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் முத்திரையோடு ஜூனுக்கு முன் வாங்கிவிடுங்கள். நான்காம் செமஸ்டர் முடிவு தாமதமானால் துறைத்தலைவரிடம் ஒரு சான்று கேளுங்கள்.

கிடைக்காவிட்டால்? ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டனின் சோயாஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகை உண்டு. வெளிநாட்டு மேல்படிப்புக்கான இன்லாக்ஸ் உதவித்தொகையும் உண்டு. பரிந்துரையாளர்கள் அதே ஆட்கள்தான், கட்டுரையில் பாதியும் அப்படியே பயன்படும். மூன்றாம் ஆண்டில் ஆறு வாரம் மாலை வேளைகளை இதற்கு ஒதுக்க முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். அந்த ஆறு வாரத்தில் ஐந்தாம் செமஸ்டரில் அரியர் விழும் நிலை இருந்தால், பட்டம் முடித்தபின் அடுத்த ஆண்டு போடுங்கள், வயது இடம் கொடுக்கிறது.