எரிமலைப் பாறைக் கடற்கரை பார்க்கக் காரைக்குடியிலிருந்து மல்பே வரை போகத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "டிசம்பரில் ஆச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடுப்பி பக்கம், மல்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகலாம் என்கிறார்கள். எரிமலைப் பாறை என்றாலும் பாறைதானே, திருமயத்தில் இல்லாததா?"

இல்லாததுதான். திருமயம் பாறை பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல ஆறியது. அதனால்தான் உடைந்த முகத்தில் கற்கண்டு போலப் பளபளக்கும் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. மல்பே தீவுப் பாறையோ குழம்பாக மேலே வந்து ஆறியது. மணிகள் பெரிதாக வளர அவகாசமே கிடைக்கவில்லை. காலம் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டு விலகிய நேரம். நம்மூர்ச் செம்புறாங்கல்லில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதுவும் எரிமலைக்கல்தானே என்று யாராவது கீழே எழுதுவார்கள். இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி அரித்து இரும்புச்சத்து மிகுதியாகத் தங்கிய கல் அது. இன்னொருவர் தீவுப் பாறையை 'பசால்ட்', அதாவது சிலிக்கா குறைந்த கறுத்த எரிமலைக்கல், என்று திருத்த வருவார். பயணக் குறிப்புகள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அது சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த ரயோலைட், டேசைட் என்ற எரிமலைக்கல் வகை. பசால்ட் கடற்கரைதான் வேண்டுமென்றால் இன்னும் வடக்கே, கொங்கண் பக்கம் போக வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியது தூண்கள். சித்திரை வெயிலில் வற்றிய ஊருணியின் அடிமண் எப்படி வெடித்துக் கிடக்கும்? ஐந்து மூலை, ஆறு மூலைக் கட்டங்களாக. ஈரம் போய் மண் சுருங்குவதால் அந்த வெடிப்பு. சூடு போய்ப் பாறை சுருங்கினாலும் அதே கதைதான். மேலே விழுந்த விரிசல், உள்ளே ஆற ஆறக் கீழ்நோக்கி இறங்கும். அப்படித்தான் கட்டங்கள் தூண்களாகின்றன. பிள்ளைகளுக்கு இதை ஊரிலேயே காட்டிவிட்டுப் போங்கள், வெடிப்பைக் காட்ட ஊருணி மிச்சமிருந்தால். வரத்துக்காலை அடைத்து பிளாட் போட்டுவிட்டு, மழை பெய்தும் ஊருணி நிரம்பவில்லையே என்று கூட்டம் போடுகிற ஊர் நம்முடையது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல், விடுங்கள்.

வழி: திருச்சி போய் மங்களூர் ரயில் பிடிப்பது ஆச்சிக்குச் சிரமம் குறைவு. அன்றிரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் பேருந்தில் உடுப்பி, சுமார் 60 கிலோமீட்டர். அங்கிருந்து மல்பே பக்கம்தான். படகில் அரை மணி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கடலில் படகு ஓடாது. டிசம்பர் நல்ல தேர்வு.

நாள் குறிக்கும்போது தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி, அடுத்த ஓரிரு நாள் வரை, கடல் அதிகமாக வற்றும், அதிகமாக ஏறவும் செய்யும். வற்றும் நேரத்தில்தான் நீருக்குள் இருக்கும் தூண்தலைகள் படி படியாக வெளியே தெரியும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன வாரம் போனவர் சொன்ன மணியை நம்பாமல், மல்பேக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, பாருங்கள். ஒரு சங்கடம், கடல் வற்றினால் பெரிய படகு கரையை ஒட்டாது. சிறு படகுக்கு மாறி, சில சமயம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

ரப்பர் அடிப்பாகம், குதிகாலில் வார் உள்ள செருப்பு போடுங்கள். வழுவழு ஹவாய் செருப்பு ஆகாது. பாறையில் வெள்ளைப் பருக்கள் போல ஒட்டியிருப்பது கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர். அதன் ஓரம் பிளேடு. விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். கிழிந்தால் குடிநீரால் நன்றாகக் கழுவி, ஓட்டுத்துணுக்கை எடுத்துவிட்டு மருந்து போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெள்ளைப் பருக்கள் உள்ள இடத்தில் பிடிமானமாவது உண்டு. ஈரமாக, பச்சையோடிக் கறுத்திருக்கும் இடம்தான் வழுக்கும்.

பாறையில் ஏறுமுன் கால் மணி நேரம் நின்று அலையைப் பாருங்கள். ஈரம் எவ்வளவு உயரம் வரை இருக்கிறதோ, அதுவரை அலை வரும் என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்குக் கீழே படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். அந்தத் தீவில் அப்படி அடித்துச் செல்லப்பட்டு இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். பயமுறுத்துகிறேன் என்றால் இருக்கட்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. தீவில் குடியிருப்பு கிடையாது, இரவு தங்க முடியாது. கட்டுச்சோற்றைவிட கைமுறுக்கும் சீடையும் வெயிலுக்குத் தாங்கும். தூண் துண்டைப் பையில் போட்டு வராதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட புவியியல் சின்னம்.

ஆச்சிக்கு முழங்கால் வலி இருந்தால் கஷ்டம் பாறையில் இல்லை, ஆடும் படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கால் வைக்கும் அந்த ஒரு நொடியில்தான். படகுக்காரரிடம் புறப்படுமுன்னே சொல்லி, இருவர் கை கொடுக்கச் செய்யுங்கள். இறங்கிவிட்டால் தென்னை நிழலில் உட்கார்ந்தே தூண்களைப் பார்க்கலாம்.