வட்டாரங்களுக்குத் தனி மன்றம் வேண்டுமா?

பல தேசிய இனங்கள் சேர்ந்த நாட்டில், இனங்களுக்குத் தனி மன்றம் இருப்பது போல அவற்றுக்குள் இருக்கும் வட்டாரங்களுக்கும் வேண்டுமா என்று பிரிட்டனை முன்வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அதிகாரம் இல்லாத மன்றம் என்றால் வேண்டவே வேண்டாம்.

1997-இல் ஸ்காட்லாந்து மக்களிடம் இரண்டு கேள்விகள் வைத்தார்கள். தனி நாடாளுமன்றம் வேண்டுமா? வருமான வரியைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு அதிகாரம் வேண்டுமா? இரண்டுக்குமே ஆம் என்றார்கள். முதல் கேள்விக்கு 74 சதவீதம். ஒரு வாரம் கழித்து வேல்ஸில், அதைவிட அதிகாரம் குறைந்த மன்றத்துக்கு 50.3 சதவீதம்தான் கிடைத்தது.

2004-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் முறை. தேசிய இனம் அல்ல, வெறும் வட்டாரம். சுமார் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வட்டார உணர்வே அங்கே இல்லை என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மன்றத்தால் சட்டம் இயற்ற முடியாது. பள்ளிகளோ மருத்துவமனைகளோ அதன் கைக்கு வராது. செலவுக்கு மட்டும் வீட்டு வரியோடு ஒரு தொகை சேரும். எதிர்த்தவர்கள், செலவுதான் மிச்சம், பயன் இல்லை என்று காட்ட, காற்றடைத்த வெள்ளை யானை பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக்காரன். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தேன். எங்கள் தலைமுறையில் பல்லில் பழுப்புக் கறை இல்லாதவர்கள் குறைவு. முட்டி மடக்க முடியாத பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. ஆறு ஓடும் மாவட்டத்துக்கே ஆற்றுத் தண்ணீர் வர அத்தனை காலம் ஆனது. 234 பேர் இருக்கும் சட்டமன்றத்தில் தருமபுரிக்கு 5, கிருஷ்ணகிரிக்கு 6 இடங்கள். 11 குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

மாவட்டத் திட்டக்குழு இருக்கிறதே என்பீர்கள். அரசியலமைப்பின் 74-வது திருத்தம் தந்தது. வரைவுத் திட்டம் எழுதி மாநில அரசுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வடகிழக்கு இங்கிலாந்து மறுத்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

மாநில சுயாட்சிக்காக 1969-இல் ராஜமன்னார் குழு அமைத்தோம், 1974-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டோம். டெல்லிக்கு நம் தேவை தெரியாது என்ற அந்த வாதத்தை நான் முழுதாக நம்புகிறேன். நம்புவதால்தான் சென்னையிடமும் அதையே கேட்கிறேன். தனி மாநிலம் கேட்கவில்லை. சட்டமும் மொழிக் கொள்கையும் மாநிலத்திடமே இருக்கட்டும். குடிநீர், ஏரி, பஸ், ஆஸ்பத்திரி, இவற்றுக்கான பணத்தில் ஒரு நிலையான பங்கும் அதைச் செலவழிக்கும் உரிமையும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த ஒரு மன்றத்துக்கு வேண்டும்.

உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவர்கள் வீட்டு வாசலுக்கு நடந்தே போய்க் கேட்கலாம். சென்னைக்குச் சுமார் 300 கிலோமீட்டர்.

அப்படி ஒரு மன்றம் வந்தால், வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லைத் தாண்டிப் போகும் உபரி நீரை எங்கள் ஏரிகளுக்கு ஏற்றும் வேலையை முதல் கூட்டத்திலேயே எடுப்பார்கள். இங்கே எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான்.