ரேகை விழவில்லை

வணக்கம் சார்,

பழநியில் விடுதி அறை எடுக்கப் போனபோது ஆதார் நகல் கேட்டார்கள். நண்பன் தர மறுத்துச் சண்டை போட்டான். இரவில் பையோடு வேறு விடுதி தேடி அலைந்தோம். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு ஏன் இந்தப் பயம்? அந்தரங்கம் என்பதெல்லாம் வசதியானவர்களின் கவலைதானே? அவன் செய்தது சரியா?

க., கோவை

அன்புள்ள க.,

சரிதான். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியிருக்கலாம், அல்லது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை இறக்கிக் கொடுத்திருக்கலாம். அது சின்ன விஷயம்.

'மறைக்க ஒன்றுமில்லை' என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். 2012இல் ஆதாருக்கு எதிராக வழக்குப் போட்ட புட்டசாமி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அப்போதே எண்பதைத் தாண்டியவர். அவர் எதை மறைக்கப் போனார்? 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது அந்த வழக்கில்தான்.

'வசதியானவர்களின் கவலை' என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. போன மாதம் என் சித்தி இறந்துபோனாள். அவளுடைய ஆதார் அட்டை என் மேசையில் கிடக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

தென்காசிப் பக்கம் நாற்பது வருடம் பீடி சுற்றியவள். மடியில் முறம், இலை, தூள். விரல் நுனி தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். 2020இல் ரேஷன் கடைக்குக் கைரேகை இயந்திரம் வந்தது. கடைக்காரருக்கு இருபது வருடமாக அவளைத் தெரியும், மகன் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். "ரேகை விழலையே அக்கா, தொடச்சிட்டு வைங்க" என்றார். சேலையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்தாள். ஓடிபி வரும் போன் திருப்பூரில் பேரனிடம் இருந்தது. வெறும் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "மிஷினு என்னையத் தெரியாதுங்குதுலே" என்றாள்.

ரேகை பொருந்தாவிட்டாலும் தகுதியுள்ள யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது என்று அரசு சொன்னதை நம்பித்தான் 2018இல் நான்கு நீதிபதிகள் ஆதாரை ஏற்றார்கள். ஐந்தாவது நீதிபதி சந்திரசூட் ஒருவர்தான் மறுத்தார், மனிதரின் கண்ணியத்தைக் கணினியின் நிகழ்தகவுக்கு விட முடியாது என்று எழுதினார். நான் அவர் பக்கம். தெரிந்த மனிதர் எதிரில் நின்று 'இவள்தான்' என்று சொன்னாலும் செல்லாது என்றால், அவள் உடம்பையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டோம் தம்பி. அந்தரங்கம் பறிபோவது என்று நான் சொல்வது இதைத்தான். உங்களுக்கு வேறு விடுதி இருந்தது. சித்திக்கு வேறு கடை ஏது?

அதன்பிறகு அரிசி வாங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே முறத்தை எடுத்து வைத்துவிடுவாள். ராத்திரி விரலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பாள். அந்த இரண்டு நாள் கூலி போய்விடும்.