கேள்வி–பதில்: மாஸ்டர் போய் கிளையன்ட் வந்தால்?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் பி.எல்.சி.யும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஆறு மின்மீட்டர்களும் ஆர்எஸ்-485 கம்பி வழியே மோட்பஸில் (கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) இணைந்துள்ளன. புது மீட்டரின் கையேட்டில் மாஸ்டர், ஸ்லேவ் இல்லை. கிளையன்ட், சர்வர் என்றிருக்கிறது. வயரிங், புரோகிராம், எங்கள் ஆபரேட்டர் கையேடு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வயரிங்கைத் தொடவே வேண்டாம். 2020 ஜூலையில் மோட்பஸ் அமைப்பு அறிவித்தது பெயர் மாற்றம் மட்டுமே. தகவலில் பிழை உண்டா என்று பார்க்கும் சிஆர்சி, கருவிகளுக்கான 1 முதல் 247 வரையிலான முகவரி, எல்லாம் பழையபடிதான்.

கையேட்டில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது என்பதால் பி.எல்.சி.யை சர்வர் என்று எழுதிவிடுகிறார்கள். கேட்பது கிளையன்ட், பதில் தருவது சர்வர். எனவே உங்கள் பி.எல்.சி. கிளையன்ட், ஆறு மீட்டர்களும் சர்வர்கள்.

கம்ப்யூட்டரில் மொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். ‘மாஸ்டர் சுவிட்ச்’சும் ‘கிளையன்ட் சுவிட்ச்’ ஆகிவிடும்! மென்பொருள் திரையில் ‘ஸ்லேவ் ஐடி’ என்றிருந்தால் கையேட்டிலும் அதை விட்டுவைத்து, பக்கத்தில் ‘சர்வர் முகவரி’ என்று சேருங்கள். இரவு ஷிப்ட்காரர் திரையில் உள்ள சொல்லைத்தான் தேடுவார்.

புரோகிராமில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் வைத்த டேக் பெயர்களை மாற்றினால், ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா திரையில் அந்த அளவீடுகள் வராமல் போகலாம். சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் அந்த வேலை வேண்டாம்.

ஐ2சி (சிப்களை இணைக்கும் வேறொரு முறை) சென்சார்கள் இருந்தால் அங்கே பெயர் வேறு: 2021 திருத்தம் முதல் மாஸ்டருக்குக் கன்ட்ரோலர், ஸ்லேவுக்கு டார்கெட்.