மல்பெரிக் குச்சி: துளிர் வந்தது, வேர் வந்ததா?

மழை தொடங்கியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து குச்சி நடுவதைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்தத் தடவை மல்பெரிக் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு நாளிலேயே துளிர் வந்தது. மூன்றாவது வாரம் எல்லாம் கருகிவிட்டது. எங்கே தப்பு? (பாலக்கோடு)

துளிரைப் பார்த்ததும் நாம் செய்யும் அவசரத்தில்தான். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே பரு (கணுவில் இருக்கும் துளிர்மொட்டு) வெடித்து இலை விட்டுவிடும். அப்போது அடியில் ஒரு வேர்கூட இருக்காது. 'பிழைத்துக்கொண்டது' என்று தொட்டியை வெயிலுக்கு நகர்த்துவோம். இலை வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும், ஈடுகட்ட வேர் இல்லை. இரண்டே நாளில் தலை தொங்கிவிடும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது இதைவிடக் கொடுமை. புது வேர் நூல் மாதிரி இருக்கும், மண் அசைந்தாலே அறுந்துவிடும். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

தொட்டி அல்லது நாற்றுப் பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும் வரை நிழல்தான். அதற்குப் பிறகு காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில். தரையில் நட மூன்று மாதம் காத்திருங்கள்.

கேள்வி: பக்கத்துப் பட்டுப்புழு மனையில் புழு தின்றது போக நிறையத் தண்டு கிடக்கிறது. அதை நடலாமா? (தேன்கனிக்கோட்டை)

வேண்டாம். புழுவுக்கு வெட்டும் தண்டு இரண்டு மாத வயசுதான் இருக்கும், பச்சை மாறியிருக்காது. தட்டில் கிடந்து காய்ந்தும் போயிருக்கும். ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, பட்டை பழுப்பான, பென்சில் தடிமன் உள்ள கிளை வேண்டும். தோட்டக்காரரிடம் கேட்டால் கவாத்தின்போது (கிளைகளை வெட்டிவிடும்போது) ஒரு கட்டே கொடுத்துவிடுவார். பச்சை நுனியையும் கட்டையான அடியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுங்கள்.

ஒரு குச்சி 15 முதல் 20 செ.மீ., மூன்று நான்கு பரு இருக்க வேண்டும். அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாகவும், தலையைக் கடைசிப் பருவுக்குச் சற்று மேலே நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாது. மரவள்ளிக் குச்சி நட்டவர்களுக்கு இது புதிதில்லை. கத்தி கூர்மையாக இருக்கட்டும். பட்டை நசுங்கினால் அங்கேதான் அழுகல் பிடிக்கும். தொட்டிக்குச் செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. பச்சைச் சாணம் கூடாது. ஒரு பரு மட்டும் வெளியே தெரியும்படி ஊன்றி, சுற்றிலும் மண்ணை அழுத்திவிடுங்கள்.

கேள்வி: தேன், கற்றாழைச் சாறு தடவ வேண்டுமா? (காரிமங்கலம்)

தேவையே இல்லை. மல்பெரி தானாகவே வேர்விடும் சாதி. முற்றிய குச்சி, விடாத ஈரம், நிழல், இது போதும்.

கேள்வி: வீடியோ பார்த்து எல்டர்பெர்ரிக் குச்சி வாங்க நினைக்கிறேன். முறை ஒன்றுதானா? (ஓசூர்)

எல்டர்பெர்ரி சிறு கரும்பழம் கொத்தாகக் காய்க்கும் குளிர்நாட்டுச் செடி. முறை ஏறக்குறைய அதேதான். குளிர்நாடுகளில் அது இலை உதிர்த்து உறங்கும் காலத்தில் முற்றிய குச்சியாக வெட்டி நடுகிறார்கள். ஆனால் அதன் இலை, தண்டு, பழுக்காத காய் எல்லாவற்றிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பழுத்ததையும் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். குழந்தைகள் பறித்து அப்படியே வாயில் போட ஒரு செடி வேண்டுமென்றால் என் ஓட்டு மல்பெரிக்குத்தான். அதிலும் நன்றாகக் கனிந்த பழம்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: செடி ஆள் உயரம் வந்துவிட்டது, ஒரு பழம்கூட இல்லை. (பென்னாகரம்)

மல்பெரியில் ஆண் செடி உண்டு, அது பூக்குமே தவிர காய்க்காது. குச்சியில் வளர்ந்தது தாய்ச்செடியின் அச்சு அசல். அதனால் காய்ப்பதைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்தே குச்சி எடுங்கள். தாய்ச்செடி காய்க்கிறது என்றால் கவலை வேண்டாம். கவாத்து செய்து, இருக்கிற இலையை உருவிவிடுங்கள், புதுத்தளிரோடு பழமும் வரும்.

கேள்வி: நுனி இலை சுருண்டு கொத்தாகக் கிடக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (ஊத்தங்கரை)

டுக்ரா என்று பட்டு விவசாயிகள் சொல்வது இதுதான். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி சாறு உறிஞ்சுவதால் வருகிறது. நுனியோடு கிள்ளி எரித்துவிடுங்கள், வீட்டுச் செடிக்கு அதுவே போதும். மருந்து அடிக்கும் முன் சுற்றிலும் பாருங்கள். காற்றில் போகும் துளி பக்கத்துத் தோட்டத்து இலையில் படிந்து, அந்த இலையைப் பட்டுப்புழு தின்றால் அவர்களுடைய ஒரு மாத உழைப்பே போய்விடும்.