மண்ணுளிப் பாம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) மண்ணைக் கிளறியபோது, இருபுறமும் தலை போலத் தோன்றும் தடித்த பாம்பு ஒன்று வெளிவந்தது. இதற்கு உண்மையிலேயே இரண்டு தலைகளா? (காங்கேயம்)

ஒரே தலைதான். நீங்கள் கண்டது மண்ணுளி. இருதலை மணியன் என்பதும் இதன் பெயரே. அச்சமுற்றால் தலையைச் சுருளுக்குள் புதைத்து, மழுங்கிய வாலை உயர்த்திக் காட்டும். தாக்க வரும் விலங்கு அதையே தலையென்று எண்ணிக் கடிப்பதால், பல மண்ணுளிகளின் வாலில் பழைய தழும்புகளைக் காணலாம். இதற்கு நஞ்சு இல்லை. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று தின்பதால், உழவருக்கு இது நன்மையே செய்கிறது.

இது நக்கினால் வெண்குஷ்டம் வருமா? (பெருந்துறை)

வராது. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. தொழுநோயோ பாக்டீரியாவால் வருவது. பாம்பு நாக்கை நீட்டுவது வாசனை அறிவதற்காக மட்டுமே.

இது கொங்கு நாட்டுக்கே உரியதா? வால்பாறையில் ஏன் காணவில்லை? (பொள்ளாச்சி)

இதன் வாழிடம் மிகப் பரந்தது. ஈரானில் தொடங்கி, பாகிஸ்தான், ராஜஸ்தான், குஜராத் வழியாகத் தமிழகம் வரையுள்ள வறண்ட நிலங்களில் இது வாழ்கிறது, இலங்கையில் இல்லை. 1801இல் பேட்ரிக் ரஸ்ஸல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தபோது, தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றிய கிறிஸ்டோஃப் ஜான் என்பவரின் பெயரைச் சூட்டினார் என்பது நம் மண்ணோடு இதற்குள்ள தொடர்பைக் காட்டும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெருமளவு தடுத்துவிடுவதால், மழை மறைவில் கிடக்கும் காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் பொலபொலப்பான மண்ணும், கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் கொண்ட கொறங்காடுகளும் இதற்கு ஏற்ற இடங்களாகின்றன. வால்பாறையின் ஈர மண் இதற்கு ஒவ்வாது. அங்கே மண்ணுக்குள் வாழ்பவை கவசவால் பாம்புகள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் அக்குடும்பம் இல்லை. ஆகவே மேய்ச்சல் நிலம் மனையிடமாக மாறும்போது, மண்ணுளி மலையேறிப் பிழைத்துக்கொள்ளும் என்று நாம் கருத இடமில்லை.

முட்டைகளை எங்கே இடும்? (சிவகிரி)

முட்டையிடாது; குட்டி போடும்.

இதற்குப் பல லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார். விற்கலாமா? (கரூர்)

கூடாது. இதில் மருந்தும் இல்லை, செல்வம் தரும் ஆற்றலும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். எடைக்கேற்ற விலை என்ற பொய்யால் எத்தனையோ மண்ணுளிகள் வயல்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டது எனக்கு ஆறாத வருத்தம். அந்த நபரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கண்ணாடி விரியனையும் மண்ணுளியையும் எப்படிப் பிரித்தறிவது? (சென்னிமலை)

மண்ணுளியின் இன்னோர் இனம் சொரசொரப்பான செதில்களும் திட்டுகளும் கொண்டது. குழப்பம் தருவது அதுவே. விரியனின் தலை கழுத்தைவிட அகன்று முக்கோணமாக இருக்கும். உடலில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் வரிசையாக அமையும். அந்த மண்ணுளிக்குக் கழுத்துப் பிரிவு தெளிவாகத் தெரியாது, திட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று இணைந்திருக்கும், வால் மிகக் குட்டையானது. ஆயினும் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) வந்த பாம்பை இந்த அடையாளங்களை நம்பி ஒருபோதும் கையால் தொடாதீர்கள். விலகி நின்று வனத்துறையை அழையுங்கள்.