எரிசக்தி நிறுவனத்தின் பசுமை அறிவிப்பை நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: மணலியில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கைக்கு வந்த பி.எஃப்., பணிக்கொடைப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு பெரிய எரிசக்தி நிறுவனத்தின் பங்குகளில் போடச் சொல்கிறார் மருமகன். அந்த நிறுவனம் நிலக்கரி, எண்ணெயை விட்டுச் சூரியசக்திக்கு மாறுகிறதாம். பல்லாயிரம் கோடி முதலீடாம். இது உண்மைதானா என்று என்னைப் போன்றவர் எப்படிச் சரிபார்ப்பது? – வாசகர், திருவொற்றியூர்.

பதில்: மருமகன் பேச்சைத் தட்டவும் முடியாது, அப்படியே கேட்கவும் முடியாது. உங்கள் சங்கடம் புரிகிறது. முதலில் அந்த விளம்பரத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘முதலீடு செய்தோம்’ என்று இருக்காது, ‘செய்வோம்’ என்றுதான் இருக்கும். கூடவே 2030, 2032 என்று ஓர் ஆண்டும் வரும். அந்தத் தொகையில் இனிமேல் வாங்கப்போகும் கடனும், கூட்டாளி நிறுவனம் போடவேண்டிய பங்கும், வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் சேர்ந்திருக்கலாம். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கையெழுத்து என்பது விருப்பம். செலவு என்பது வேறு.

செலவான பணம் ஆண்டறிக்கையில் இருக்கும். பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முந்நூறு நானூறு பக்கம் என்று மலைக்க வேண்டாம். காற்றாலைப் படங்களையும் தலைவர் உரையையும் தாண்டிவிட்டு, நிதிநிலை அறிக்கைக்குப் போங்கள். பணப்புழக்க அறிக்கையில் சொத்துகளும் இயந்திரங்களும் வாங்க அந்த ஆண்டில் வெளியே போன தொகை ஒரே வரியில் இருக்கும். பிறகு பிரிவுவாரிக் கணக்கு: எண்ணெய் சுத்திகரிப்பு, அனல்மின், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று தொழிலைப் பிரித்து, எதில் எவ்வளவு சொத்து, எவ்வளவு வருமானம் என்று காட்டியிருப்பார்கள். பசுமைத் தொழிலுக்குத் தனி வரியே இல்லாமல் ‘இதர பிரிவுகள்’ என்பதற்குள் அடக்கியிருந்தால், அது இன்னும் தனித்துக் காட்டும் அளவுக்கு வளரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோர் அட்டவணையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முடிவடையாமல் நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணிகளை வயதுவாரியாகக் காட்டவேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தின் அட்டவணை விதிகள் கட்டாயமாக்கின. ஓராண்டுக்கு உட்பட்டது, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றாண்டுக்கு மேற்பட்டது என நான்கு பத்திகள். ஃபிட்டரான உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாங்கிப்போட்ட பைப் மூன்று வருடமாக யார்டில் துருப்பிடித்துக் கிடந்தால் அந்த வேலை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாதா? கடைசிப் பத்தியில் பெரிய தொகை இருந்தால், அது எந்தத் திட்டம் என்று கீழே தேடுங்கள். கெடு தாண்டியவற்றையும் செலவு மீறியவற்றையும் தனியே சொல்லியாக வேண்டும்.

அடுத்து மெகாவாட் கணக்கு. ‘எங்கள் திறனில் பாதி பசுமை’ என்றால், மின்சாரத்தில் பாதி பசுமை என்று பொருளில்லை. ஒரு மெகாவாட் சூரியமின் நிலையம் நம் வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட் தரும். அதே ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம், எழுபது சதவீதம் ஓடினாலே 60 லட்சம் யூனிட்டைத் தொட்டுவிடும். ஆகவே திறனைக் கேட்காதீர்கள். விற்ற யூனிட்டில் எத்தனை எதிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

உங்கள் பகுதியிலேயே ஒரு குழப்பத்துக்கு உதாரணம் கிடைக்கிறது. புகையைச் சுத்தப்படுத்துவதும் புதைபடிவ எரிபொருளைக் கைவிடுவதும் ஒன்றல்ல. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்தினால் எண்ணூர்க்காரர்களின் மூச்சுக்கு நல்லது. ஆனால் உள்ளே எரிவது நிலக்கரியேதான். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 தரம் வந்தபோது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் பணம் செலவிட்டன. செலவு நியாயமானது, விற்பது டீசல். 2019-இல் எண்ணூரில் திறந்த திரவ இயற்கை எரிவாயு முனையத்தால் மணலித் தொழிற்சாலைகள் சில கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறின. நிலக்கரியோடு ஒப்பிட்டால் எரிவாயு எரியும்போது வரும் கரியமிலவாயு ஏறக்குறையப் பாதிதான். ஆனாலும் அது புதைபடிவ எரிபொருள். இவற்றையெல்லாம் ‘சுற்றுச்சூழல் முதலீடு’ என்ற ஒரே தலைப்பில் கூட்டியிருந்தால், நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘நிகர பூஜ்ஜியம்’ என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். வெளியிடும் கரியமிலவாயுவுக்கு ஈடாக அதே அளவை நீக்கிவிடுவது என்று அதற்குப் பொருள். இந்தியன் ஆயில் 2046-க்குள் எட்டுவதாகச் சொல்வது தன் செயல்பாடுகளிலிருந்து வரும் உமிழ்வுக்கு மட்டும்தான். அது விற்கும் பெட்ரோல் நம் வண்டிகளில் எரிந்து வெளியாகும் புகை மூன்றாம் வகைக் கணக்கு. ஓர் எண்ணெய் நிறுவனத்தின் மொத்தக் கணக்கில் பெரும்பங்கு அதுதான். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கை தரவேண்டும். ஆனால் அதில் மூன்றாம் வகை விருப்பத்தின் பேரில்தான். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உலக அளவில் நிலைமை என்ன? எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் 2022-இல் தம் மூலதனச் செலவில் தூய எரிசக்திக்குக் கொடுத்தது சுமார் 2.5 சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. சொன்ன சொல்லும் மாறும். எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030-க்குள் 40 சதவீதம் குறைப்பதாக 2020-இல் அறிவித்த பிரிட்டனின் பி.பி., 2023-இல் அதை 25 ஆக்கியது. 2025-இல் எண்ணெய் முதலீட்டையே கூட்டிவிட்டது.

சரி, ஒரு நிறுவனம் நிஜமாகவே மாறிவிட்டது என்றே வையுங்கள். பங்கு லாபம் தருமா? டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், முன்பு டாங் எனர்ஜி என்ற பெயரில் எண்ணெயும் நிலக்கரியுமாக இருந்தது. 2017-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்தித் தொழிலை விற்றுவிட்டுக் கடல் காற்றாலையை முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டது. விளம்பரமல்ல, நேர்மையான மாற்றம். ஆனால் வட்டி ஏறியது, அமெரிக்கத் திட்டங்கள் இரண்டு 2023-இல் கைவிடப்பட்டன. 2021 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பங்கு விலை பிறகு படுத்துவிட்டது. மருமகனிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

எந்தக் கம்பெனியின் பங்கு என்பதிலும் தெளிவு வேண்டும். வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியும் தமிழக மின்வாரியமும் கூட்டாக அமைத்தது. என்டிபிசி பங்கு வாங்கினால் அத்தகைய அனல் நிலையங்களும் சேர்ந்தே உங்களுடையவை. 2024 நவம்பரில் 10,000 கோடி ரூபாய் திரட்டிச் சந்தைக்கு வந்த என்டிபிசி கிரீன் எனர்ஜி, அதன் துணை நிறுவனம்; பங்கு தனி. அதில் அனல்மின் இல்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பணம் போடாதீர்கள். இதில் எதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

பணத்துக்கு வருகிறேன். மாதச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய தொகை பங்குச் சந்தைப் பக்கமே போகக்கூடாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போட இடமிருக்கிறது. அது போக மிஞ்சுவதில், ஐந்தாறு வருடம் தொடாமல் இருக்க முடிந்ததை மட்டும் யோசியுங்கள். சோலாரில் மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்காமலே அழித்துவிடலாம்.

அறிக்கையில் விடை கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. டீமேட் கணக்கில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் நீங்கள் பங்குதாரர். பெரிய நிறுவனங்கள் பலவும் ஆண்டுப் பொதுக்குழுவைக் காணொலியில்தான் நடத்துகின்றன. பேச விரும்புவோர் எந்தத் தேதிக்குள் மின்னஞ்சலில் பதிவு செய்யவேண்டும் என்று கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும். ‘சென்ற ஆண்டு செலவிட்ட மூலதனத்தில் சூரியசக்திக்கும் காற்றுக்கும் போனது எத்தனை கோடி, புதிய நிலக்கரி அலகுகளுக்கு எத்தனை கோடி?’ என்று அங்கே கேளுங்கள். பதில் தொகையாக வருகிறதா, கொள்கை விளக்கமாக வருகிறதா என்று பார்த்த பிறகு, இரண்டாவது பங்கை வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.